இருநூற்று அறுபத்தெட்டு பாகை

வாடி கபீர், ஒர்க்‌ஷாப் மேசை.
கிரீஸ் ஊறிய அரபிச் செய்தித்தாள் மேல்
மூன்று கேம்ஷாஃப்ட் படுத்திருக்கின்றன.
யோசித்து வை என்று சொல்லிவிட்டு
லால் பக்‌ஷ் லுஹர் தொழப் போய்விட்டார்.

நான் பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள்.
கடைவாய்ப் பல்லின் மேட்டை
முடியிழை கனத்துக்குச் சுரண்டிச் சம்பாதிக்கிறேன்.
என் காலிப்பரைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.
கழற்றிப் போட்ட பழைய தண்டின் எட்டு மேடுகளில்
மூன்றாவது தேய்ந்திருந்தது,
தூக்கத்தில் பல் கடிப்பவனின் பல்போல.

மினி. ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து சிசி.
என்னைவிட நான்கு வயது மூத்தது.
வாங்கியபோது ஏசி இல்லை, இப்போதும் இல்லை.
இந்த ஊரில், ஜூலையில்,
அதைக் கார் என்று நான் மட்டும்தான் சொல்கிறேன்.

முதல் தண்டு இருநூற்று ஐம்பத்தாறு பாகை.
சமர்த்து. கம்பெனி போட்டதற்குத் தங்கை.
கடைசித் தண்டு இருநூற்று எண்பத்தாறு.
மேடுகள் அகலம், தோள்கள் கொழுத்தவை.
நாலாயிரம் சுற்றுக்குக் கீழே அதற்குத் தூக்கம்,
மேலே போனால் பேய்.
சிக்னலில் நின்றால் எப்படிக் குலுங்கும் என்று
லால் பக்‌ஷ் போகுமுன் உடம்பால் ஆடிக் காட்டினார்,
தோள், தொப்பை, சட்டைப் பையில் டெஸ்டர், எல்லாம்.
எனக்கு அதுதான் வேண்டும்.
ஒளிப்பானேன்.

பில் புத்தகத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
வாரத்தில் ஐயாயிரத்தைத் தொடுவது எத்தனை நிமிடம்?
வெள்ளி விடியலில் குரியாத் சாலை, ஒன்பது.
கோபத்தில், இரண்டு.
மீதியெல்லாம் ரூவி ரவுண்டானா,
தண்ணீர் லாரிக்குப் பின்னால் முதல் கியர்,
அப்புறம் அமராத் ஏற்றம்.
இரண்டாம் கியரில்
மலையை மென்று மென்று வீடு சேர்கிற ஏற்றம்.
அங்கே கேட்பது வேகம் இல்லை, தம்.
பதினோரு நிமிடத்துக்காக
ஒரு வாரத்தை விற்பதா?

ஒன்று மட்டும் உறுத்தியது.
புகை போகும் வால்வு மூடி முடிக்கும் முன்பே
காற்று வரும் வால்வு திறக்கத் தொடங்கும்.
இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் சில பாகைகள்.
பெரிய தண்டில் அது நீளம், சின்னதில் கொஞ்சம்.
மெதுவாக ஓடும்போது நீண்டால்
வந்தது வந்த வழியே போகும், புகை திரும்பி வரும்.

எங்கள் வீட்டில் அது ஏழு நிமிடம்.
அமலதாஸுக்குக் குப்ராவில்
கடலைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
அவர் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டுகிறேன்.
"இட்லி ஹாட்பாக்ஸில்."
"கேஸ் தீரப்போகுது."
சில நாள் சாவியைத் தேடுவேன்,
கையிலேயே வைத்துக்கொண்டு.

லால் பக்‌ஷ் ஈரத் தாடியோடு வந்தார்.
நடுவில் கிடந்ததைத் தொட்டேன்.
சிரிக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை.
ஸ்பிரிங்கும் மாற்றணும்,
முப்பத்தெட்டு ரியால் கூட, என்றார்.

எஞ்ஜின் இறங்கி ஏறப் பன்னிரண்டு நாள்.
முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடாதே,
இரண்டாயிரத்துக்குக் கீழே போனால்
மேட்டுக்கு எண்ணெய் தெறிக்காது,
இரும்பு இரும்பைத் தின்னும் என்றார்.
ஆக்சிலரேட்டரில் கால் வைத்து உட்கார்ந்தேன்.

ஷிஃப்ட் முடிந்து நேரே வந்த அமலதாஸ்
பக்கத்து சீட்டில் ஏறினார்.
"எவ்வளவு நேரம்?"
"இருபது."
மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிட்டார்,
வாய் திறந்தபடி.
கீழ் வரிசை, இடப்பக்கம், ஆறாவது பல்
மேடு தேய்ந்து வழவழவென்று இருந்தது.
எப்போதிலிருந்து?

கால் தளர்ந்திருக்கிறது.
முள் இரண்டாயிரத்தைத் தொட, மீண்டும் மிதித்தேன்.
கண்ணாடிக்கு வெளியே லால் பக்‌ஷ்
ஐந்து விரலைக் காட்டினார்,
ஐந்து ஆயிற்று என்றா
இன்னும் ஐந்து என்றா
தெரியவில்லை.